பாட்டு இருக்கும் கை

காசு கேட்டு வந்தாலும் கோட்டைச்சாமி கித்தாரோடுதான் வருவான். பந்தல் சாமான் அடுக்கிய என் கிட்டங்கி வாசலில் நின்று கம்பியை முறுக்கிக்கொண்டே, "என்னண்ணே, நம்ம கணக்கு?" என்பான். அவனுக்கு நான் பன்னிரண்டு ரூபாய் கடன். மூங்கில் சுமந்து ஆளான ஏகப்பன் நான். காரைக்குடியில் வேறு எவனுக்கும் அரையணா பாக்கி வைத்ததில்லை.

கோட்டையூர்க் கலியாணத்தில் பந்தலும் என்னுடையது, கச்சேரி ஏற்பாடும் என்னுடையது. அந்த வீட்டு ஆச்சி எல்லாருக்கும் கொடுத்துவிட்டு இவன் கூலியை மட்டும் நிறுத்திவிட்டார். "சுபகாரியத்துல நொட்டாங்கையால வாசிக்கிறவனுக்கு என்ன காசு?" என் மடியிலிருந்து நீட்டினால் இவன் வாங்கமாட்டான். "வாசிச்சதுக்கு ஆச்சி கொடுக்கிற காசுதாண்ணே வேணும்." அதுவும் நியாயம். ஆச்சி சொல் பரவினால் எந்தக் கலியாண வீடு இவனைக் கூப்பிடும்?

குற்றம் உண்மைதான். ரங்கூனுக்குச் சமையல் வேலைக்குப் போனவன் சம்பாதித்துக்கொண்டு வந்தது இந்தக் கித்தார் ஒன்றே. அதிலும் கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி, இடக்கையால் மீட்டுவான். பொத்தான் போட, வெற்றிலை கிள்ள, கோபத்தில் ஓங்க, எல்லாம் அந்தக் கைதான். சோறு மட்டும் வலக்கையில். "எங்க ஆத்தா போட்ட போடு அப்படி!"

ஒருநாள் அவனை ஆச்சி முன் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"சோத்துக்கையால வாசி, தாரேன்" என்றார் ஆச்சி.

கோட்டைச்சாமி வலக்கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு, இடக்கையால் மட்டும் மீட்டினான். மாற்றமில்லாமல் ஒரே 'டொய்ங்'. பிறகு வலக்கை விரல்களால் கம்பியை அழுத்தினான். நலங்குப் பாட்டு புறப்பட்டது.

"பாட்டு எந்தக் கையில இருக்கு ஆச்சி? இந்த நொட்டாங்கை சும்மா தட்டுற கூலியாளு."

"அப்ப சோத்துக்கையால வாசிக்கிற மத்தவுக?"

"பிடில்காரருக்கு முழுசாக் கொடுத்தீகளே, அவரு சுரம் பூராவும் நொட்டாங்கையிலதான் பிடிச்சாரு."

ஆச்சியின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. பிடில்காரர் காசோடு ஊர் போய்ச் சேர்ந்து மாதம் ஒன்றாகிறது. நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"எங்க, அந்தச் சோத்துக்கையைக் காட்டு."

விரித்து நீட்டினான். விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்துக் காய்த்துப்போயிருந்தது. மூங்கில் தூக்கிய என் கையிலும் அப்படிக் காய்ப்பு இல்லை. ஆச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். சுருக்குப்பையை அவிழ்த்து, விரித்த உள்ளங்கையிலேயே வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக, பன்னிரண்டு வரை எண்ணி வைத்தார்.