ஏரிக்குள் நின்ற புள்ளி

காலை ஐந்து நாற்பதுக்கு என் கைபேசி, மகள் ஏரிக்குள் இருப்பதாகக் காட்டியது. போலீஸ் தேர்வுக்காக ஏரியை ஒட்டிப் போகும் ஏர்பேடு சாலையில் ஓடப் போனவள் அவள். அவளுடைய ஜிபிஎஸ் வாட்சின் புள்ளி தண்ணீர் நடுவே அசையாமல் நின்றது. அழைத்தால் எடுக்கவில்லை. ஏரிக்கரைக்கு ஓடினேன்.

எதிரே ஒருவர் ஓடி வந்தார். ஒட்டிய கன்னம், இரண்டு மணிக்கட்டிலும் வாட்ச். என்னைக் கண்டதும் நின்று, தோப்புக்கரணம் போடுகிறவர் போலக் கைகளைக் குறுக்கே வைத்து இரண்டு வாட்சுகளையும் ஒன்றாக அழுத்தி நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னேன். தன் கைபேசி வரைபடத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார்.

"ரெண்டும் நேத்து நான் ஓடினதுதான் சார். வலது கை வாட்சுல ரோட்டு மேல போய்க்கினு இருக்கேன். இடது கையில பாருங்க, சாமியார் மாதிரி தண்ணி மேல ஓடறேன்."

"அப்ப எதை நம்பறது?"

"அது தெரியாமத்தான் ரெண்டையும் கட்டிக்கினு அலையறேன். வீட்ல சிரிக்கிறாங்க. போனை உள்ள வைங்க சார், ரோட்டைப் பாருங்க."

என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே நின்றார். சாலை வளைவில் மகளின் தலை தெரிந்த பிறகுதான் கிளம்பினார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மகள் மூச்சு வாங்க வந்து நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா நைனா, இப்படி வேர்த்திருக்கு? நீயும் ஓடினியா?"