கரண்டு போனால் கட்டுரை

போன வாரம் பெங்களூரிலிருந்து என் தங்கை மகன் கைபேசியில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். வாழ்நாளில் படித்தே தீர வேண்டிய நீண்ட கட்டுரைகளாம். ஒவ்வொன்றுக்கும் கீழே இத்தனை நிமிட வாசிப்பு என்று குறிப்பு வேறு. எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் தொடங்குவார்கள் போலிருக்கிறது. விரலால் தள்ளிக்கொண்டே போன நான் நடுவில் நின்றுவிட்டேன். எங்கள் சங்கரன்கோவில் விசைத்தறிக்காரர்களைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்று அதில் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய இதழைத் தேடிப் பிடித்து, படம் எடுத்து ஏற்றி, 'தமிழ்ப் பத்திரிகை எழுத்தின் உச்சம்' என்று சான்றிதழும் கொடுத்திருக்கிறான். எனக்கு மூக்கில் குப்பென்று கஞ்சி வாடை அடித்தது.

குடிக்கிற கஞ்சி இல்லை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் விறைப்பாக நிற்பதற்குப் போடுகிற கஞ்சி. எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு நூல் கடையில் இருந்தேன். குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் கீழே, எடுபிடிக்குக் கொஞ்சம் மேலே என்கிற மாதிரி ஒரு உத்தியோகம். கடையை ஒட்டியே முதலாளியின் தறிக் கொட்டகை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. ஆனால் அந்தக் காலத்து மின்வாரியம் எங்கள் மேல் கருணை கொண்டிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கரண்டு போகும். கொட்டகை சட்டென்று ஊமையாகும். அந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து நான் பத்திரிகைக் கட்டுரைகளை உரக்க வாசிப்பேன். எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. எனக்குத் தொண்டை நன்றாக இருக்கும். அவ்வளவுதான் தகுதி.

துணுக்கு, ஜோக் எல்லாம் அங்கே எடுபடாது. பக்கம் பக்கமாக ஓட வேண்டும். உப்பளத்துக்காரர்கள், சர்க்கஸ் சிங்கத்தின் முதுமை, காவிரித் தகராறு, ராக்கெட் விடுவது, எதுவும் தள்ளுபடி இல்லை. ஒரு தடவை திமிங்கலத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அது குட்டி போடப் போகிற கட்டத்தில் கரண்டு வந்துவிட்டது. நெய்த அளவுக்குத்தான் கூலி வாங்குகிற மனிதர்கள், கரண்டு வந்ததற்காக மின்வாரியத்தைத் திட்டியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். மறுநாள் விடிந்ததும், "என்னவே, இன்னைக்குக் கரண்டு போவுமா போவாதா? அது பெத்துச்சா இல்லியான்னு தெரியாம கெடந்து தவிக்கேன்" என்று கேட்டவர் அய்யாத்துரை அண்ணாச்சி.

கொட்டகையிலேயே மூத்த தறிக்காரர் அவர். அவருக்கு இருமல். சாதாரண இருமல் இல்லை, தொடங்கினால் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். காரணம் எல்லோருக்கும் தெரியும். கொட்டகைச் சன்னல்களை எல்லாம் பலகை வைத்து ஆணியடித்து மூடியிருந்தார்கள். காற்று உள்ளே வந்தால் நூல் அறுந்துபோகும் என்பது முதலாளி கண்டுபிடித்த விஞ்ஞானம். பஞ்சுத் தூசி முழுக்க உள்ளேயே சுற்றும். அந்தப் பலகையைக் கழற்றுங்கள் என்பதுதான் தறிக்காரர்களின் ஒரே கோரிக்கை. தொழிலாளர் ஆபீசர் ஒருவர் விசாரணைக்கு வருவதாகப் பேச்சு இருந்தது. அதற்குள் பத்திரிகையில் ஒரு பெரிய கட்டுரை வந்துவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தோம். உப்பளத்துக்காரர்களின் வெடித்த கால்களைப் பற்றி எழுதி எங்களை அழவைத்த அதே எழுத்தாளருக்குக் கார்டு போட்டோம். அவரும் வருவதாகப் பதில் எழுதினார்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தி வேலையைக் காட்டியது.

மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். கொட்டகையை அப்படியே காட்ட முடியுமா? முதல் நாளே கூட்டிப் பெருக்கி, தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கினோம். கல்யாண வீடுகளுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையிலிருந்து நாற்காலி வந்தது. தறிக்காரர்கள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு தறி முன்னால் நின்றார்கள். உடம்பில் பஞ்சு ஒட்டாத தறிக்காரர்களை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். முதலாளி பைசா செலவழித்து ஏற்பாடு செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. நாங்கள் இலவசமாகச் செய்து கொடுத்தோம்.

அண்ணாச்சிக்கு வேறொரு கவலை. விருந்தாளி முன்னால் இருமித் தொலைத்துவிடக் கூடாதே என்று காலையிலிருந்தே வாயில் பனங்கல்கண்டை அடக்கிக்கொண்டிருந்தார். இருமல் வரும்போதெல்லாம் கண் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், ஆள் சிரித்த முகமாகவே நிற்பார். எழுத்தாளர் ஜோல்னாப் பையிலிருந்து பேனாவை எடுத்து, "உங்களுக்கு என்னென்ன கஷ்டம் இருக்கு?" என்று நேராகவே கேட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"ஒரு கொறையும் இல்ல சார். நல்லா இருக்கோம். நீங்க மொதல்ல சாப்பிடுங்க" என்றார் அண்ணாச்சி.

மத்தியானம் அவர் வீட்டில் ஆட்டுக்கறி பிரியாணி. சங்கரன்கோவில்காரன் வீட்டுக்கு வந்தவனை வேறு எதைப் போட்டு அனுப்புவான்? எழுத்தாளர் மூன்றாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் அவரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நான் கேட்டேன். "என்ன அண்ணாச்சி, சன்னலப் பத்தி வாயே தொறக்கலியே?"

கேட்டதுதான் தாமதம், காலையிலிருந்து அடக்கிவைத்த இருமல் முழுவதையும் ஸ்டேஷன் ரோட்டிலேயே இருமித் தீர்த்தார். அப்புறம் சொன்னார்: "ஏலே, வீடு தேடி வந்த மனுசன்கிட்ட மொத நாளே பொலம்புவாவளா? படிச்சவரு. அவரா பாத்து எழுதுவாரு."

அவராகவே பார்த்துத்தான் எழுதினார். ஒன்பது பக்கம். என்ன எழுத்து! தறியின் தாளத்தைப் பற்றி ஒரு பக்கம், கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைப் பற்றி அரைப் பக்கம், பிரியாணிக்கு முழுசாக ஒன்றரைப் பக்கம். 'வறுமையிலும் சிரிப்பு மாறாத முகங்கள்' என்று ஒரு வரி. அண்ணாச்சி வாயில் கிடந்த பனங்கல்கண்டைக்கூட அவர் விடவில்லை. உழைக்கும் மனிதனின் வாழ்வில் ஊறும் இனிப்பு என்று அதற்கு விளக்கம். என்னையும் 'கண்களில் கனவு மின்னும் இளைஞர்' என்று குறிப்பிட்டிருந்தார். அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன், யாரும் கேட்காமலே.

இதழ் வந்த அன்று கரண்டு போவதற்காகக் கொட்டகையே காத்திருந்தது. போனதும் நான் வாசிக்க, எல்லோரும் தங்கள் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் கைதட்டல். சாப்பாட்டுத் தூக்கோடு வந்து வாசலில் நின்றிருந்த பொன்னுத்தாய் மதினி, அண்ணாச்சியின் மனைவி, அவள் மட்டும்தான் கேட்டாள்: "எல்லாம் சரி, சன்னலு எங்கன வருது?"

நான் பக்கங்களைத் திருப்பித் தேடினேன். கரண்டும் வந்துவிட்டது.

தொழிலாளர் ஆபீசர் வந்தபோது முதலாளி பேசவே இல்லை. அந்த இதழை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஆபீசர் ஒன்பது பக்கத்தையும் ஆற அமர வாசித்தார். "பிரமாதமா எழுதியிருக்காரே" என்றார். "இதுல குறைன்னு ஒண்ணும் இல்லியே?" என்று தறிக்காரர்கள் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பேச முடியவில்லை. "சளி புடிச்சிருக்கு போல" என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

பலகைகள் கழன்றது பல வருஷம் கழித்து, முதலாளி மகன் கொட்டகையை இடித்தபோதுதான். இப்போது அங்கே குளிரூட்டிய கல்யாண மண்டபம். அதற்கும் சன்னல் கிடையாது. கரண்டு போனால் ஜெனரேட்டர் ஓடுகிறது. ஒரு திமிங்கலம் குட்டி போட்டதா இல்லையா என்று ராத்திரி முழுக்கத் தவிக்கிற ஆட்கள் இப்போது இல்லை. கட்டுரையைப் பட்டியல் போடத்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அண்ணாச்சி அந்தப் பலகைகள் கழல்வதற்கு முன்பே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி அழவில்லை. "வீடு சத்தமில்லாம கெடக்கு தம்பி. அந்த இருமலு கேக்காம எனக்குத் தூக்கம் பிடிக்க மாட்டேங்குது" என்றாள். இப்போது அவளும் இல்லை. தங்கை மகன் நேற்றுப் போன் பண்ணி, "படிச்சீங்களா மாமா? எப்படி எழுதியிருக்காரு பாத்தீங்களா, கண்ணு முன்னாடி அப்படியே நடக்குற மாதிரி இருக்கு" என்றான். எனக்கு ஆத்திரமாக வந்தது. "படிச்சேன்பா" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது பக்கத்தையும் மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன். அண்ணாச்சி அதில் ஒரு தடவைகூட இருமவில்லை.