சாவி தராத அண்ணி

என் அண்ணி பஸ் டிப்போவில் கியர்பாக்ஸ் மெக்கானிக். அண்ணன் அதே டிப்போவில் டிரைவர். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணவன் போன பிறகு நானும் அவர்களோடுதான் இருக்கிறேன்.

அண்ணனை டிப்போவில் ஆமை என்பார்கள். வண்டி முழுசாக நின்ற பிறகுதான் கியரில் கை வைப்பான். பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே திட்டுவார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். ஓய்வு பெறும் நாளில், இத்தனை வருஷம் ஓட்டிய தன் பஸ்ஸிலேயே கடைசி ட்ரிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. சட்டைகூடத் தேய்த்து மாட்டியாயிற்று.

அவன் ஓய்வு பெறும் வாரம் பார்த்துத்தானா பஸ்ஸைத் தயாரித்த கம்பெனியின் உத்தரவு வர வேண்டும். கியர் கேபிளின் நுனியில் மோதிரம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் உண்டு. அது விரிசல் விட்டுக் கழன்றால், டிரைவர் நியூட்ரல் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், உள்ளே கியர் விழுந்தபடியே இருக்கும். ஆட்கள் இறங்கும்போதே பஸ் நகர்ந்துவிடும். வளையத்தை மாற்றும்வரை அந்த மாடல் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. அண்ணனுடைய பஸ்ஸும் அந்த மாடல்தான். புது வளையங்கள் வர அடுத்த வாரம் ஆகும்.

"ஒரு ட்ரிப்தானேம்மா, கண்டுக்காம விடுங்க" என்றார் மேனேஜர். அண்ணி மசியவில்லை. சாவியைத் தன் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டாள்.

"என் மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்றான் அண்ணன்.

"உங்களை நம்புறேன். அந்த வளையத்தை நம்பல. படியில ஒரு குழந்தை கால் வெச்சிருக்கும்போது வண்டி நகர்ந்தா?"

கடைசி நாளன்று வேறு யாருடைய பஸ்ஸையோ ஓட்டிவிட்டு வந்தான். அதோடு அண்ணியிடம் பேச்சை நிறுத்தினான். உப்பு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். என்னைக் கூப்பிட்டுக் கேட்பான். பார்க்கப் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

வளையங்கள் வந்ததும் அண்ணி ஒவ்வொரு பஸ்ஸாகக் கழற்றினாள். எல்லாவற்றிலும் விரிசல். ஒன்று கையில் எடுத்ததுமே இரண்டாகிவிட்டது. அண்ணனுடைய பஸ்ஸைக் கடைசியாகப் பிரித்தாள். அதன் வளையம் மட்டும் முழுசாக இருந்தது.

பழசையெல்லாம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மேனேஜரிடம் சொல்லிவிட்டு, அந்த உடைந்ததையும் முழுசையும் மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து அடுப்படியில் எனக்குக் காட்டினாள்.

"உடைஞ்சதைக் காட்டி, இதுதான் உங்க வண்டியோடதுன்னு சொல்லிடுங்க அண்ணி. சண்டை முடிஞ்சிடும்" என்றேன். சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. உப்பு எடுத்துக் கொடுத்தே அலுத்துப் போயிருந்தேன்.

அண்ணி இரண்டையும் பார்த்தபடி நின்றாள். பிறகு உடைந்ததைப் பையில் போட்டுவிட்டு, மற்றதைக் கொண்டுபோய் அண்ணனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உங்க வண்டியோடது. ஒண்ணும் ஆகல. நீங்க ஓட்டியிருக்கலாம்."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். இடது கையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மத்த வண்டிங்க?"

"எல்லாமே விரிசல்."

"கியரை வெடுக்குவெடுக்குன்னு இழுத்தா வேற என்ன ஆகும்" என்றான். பெருமையை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. பிறகு, "கழட்டுறதுக்கு முன்னாடி உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டான்.

"எப்படித் தெரியும்?"

அண்ணன் வளையத்தை மேசைமேல் வைத்தான். நான் வழக்கம்போல உப்புக்காக எழுந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்த உப்பை இப்படி எடு" என்றான், அண்ணியைப் பார்த்து.