பிரிக்காத பொட்டலம்

மதுக்கரையில் நாங்கள் குடியிருந்த வீதியில் பூவரச இலையைப் பறித்தால் விரலில் சிமென்ட் தூசி ஒட்டும். அம்மா அதை ஈரத்துணியால் துடைத்ததும் இலை பச்சையாகி, லேசான கசப்பு வாசம் ஒன்று எழும். தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க எனக்கு அந்த வாசமாகவே நினைவிருக்கிறது.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ பயத்தில் பிடிகொடுக்கவில்லை. அதுவரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதோடு சாமியை விட்டுவிடுகிற அம்மா, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மெழுகுவத்தி, வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குத் தண்ணீர்க்குடம், கிருத்திகைக்குச் சென்னிமலை என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள். கால் வலிக்கிறதென்று நான் சிணுங்கினால், "ஊட்ல சும்மா உக்காந்தா நெஞ்சு படபடங்குது கண்ணு, நடந்தாத் தேவலை" என்பாள்.

குறுக்கே நின்றவர் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், அவர் தலையசைக்காமல் எங்கள் குடும்பத்தில் எதுவும் நடக்காது. "சாமி உத்தரவு இல்லாம நெஞ்சுல கத்தி வெக்கறதாவது? பூக் கேட்டுப்போட்டு அப்பறம் பாக்கலாம் அம்மணி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

'பூக் கேக்கறது' என்றால் இதுதான். வீட்டுப் பெண் தலைக்குக் குளித்து, ஒரு பூவரச இலையில் வெள்ளைப் பூவும் இன்னோர் இலையில் சிவப்புப் பூவும் வைத்து, வித்தியாசம் தெரியாமல் இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வருவாள். குலசாமி முன்னால் ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

எடுத்தது நான். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி பிரித்தார், வெள்ளை நந்தியாவட்டை. "அப்பறமென்ன, உத்தரவாயிருச்சு" என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பல நாள் கழித்து அன்றுதான் அப்பா ஒழுங்காகச் சோறு தின்றார்.

மிச்சப் பொட்டலத்தோடு கிணற்றடிக்குப் போன அம்மாவின் பின்னாலேயே நான் ஓடினேன். அவள் இறுக்கிப் பிடித்ததில் இலை கிழிந்து, உள்ளேயிருந்து ஓர் இதழ் எட்டிப் பார்த்தது. அதுவும் வெள்ளை. அம்மா என்னைப் பார்த்தாள், பொட்டலத்தைக் கிணற்றில் போட்டாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை.

சாமியை ஏமாற்றியவளுக்குச் சாமி எதற்கு என்றுதான் அந்த வயதில் எனக்குத் தோன்றியது. ஆனால் ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிப் பிள்ளையாரை அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். வந்து உட்காரம்மா என்று கூப்பிட்டதற்கு நிற்காமலே சொன்னாள்: "சாமி வாயில நான் வார்த்தையப் போட்டுட்டேன் கண்ணு. இனி அவருதான் காப்பாத்தோணும்."

கஷ்டம் வந்தால்தான் கடவுள் ஞாபகம் வரும் என்று கேலி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. வரட்டுமே, அதிலென்ன? டாக்டர் சொன்னதை அப்பா நம்பவில்லை, அம்மா சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய முடிவை ஒருத்தியாக எடுத்துவிட்டு, அதைத் தூக்கி நிற்க இன்னொரு தோள் தேடினாள். அன்றைக்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்பா பிழைத்து, என் கல்யாணத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார். இப்போது நெஞ்சு கெட்டிருப்பது அம்மாவுக்கு. "எனக்கெதுக்கு கண்ணு இந்த வயசுல" என்று ஆபரேஷனுக்கு மறுத்துக்கொண்டே இருந்தாள். சாமி கும்பிடும் பழக்கம் இல்லாத நான், நேற்று நந்தியாவட்டை வாங்கி, பூவரசு எங்கும் கிடைக்காமல் வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டி அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நீட்டினேன். இரண்டையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. மற்றதை என் கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். "இதைப் பிரிச்சுப்போடாத கண்ணு. அப்படியே கெணத்துல போட்டுரு."

உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது. இந்த ஆஸ்பத்திரியில் வேப்பமரமும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. சுற்றிலும் கார்கள்தான் நிற்கின்றன. குலசாமி கோயில் கிணற்றையும் எப்போதோ மூடிவிட்டார்களாம். போட இடமில்லாத பொட்டலத்தைக் கையில் இறுக்கிக்கொண்டு, உட்கார முடியாமல், நான் நடந்துகொண்டிருக்கிறேன். இந்த முறை சாமி வாயில் வார்த்தையைப் போட்டவள் நான்.