மாமியார் ஏற வேண்டிய விமானம்

எங்கள் அலுவலகத்தில் அவரை ரூட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். விமானம் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று திட்டம் போடுவது அவர் வேலை. அந்தத் தாளில் விமானியும் கையெழுத்துப் போட வேண்டும், அக்காவும் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த அறையைக் கூட்டித் துடைப்பது நான்.

இருபத்திரண்டு வருடமாக அக்காவின் வாயில் எப்போதும் கேலிதான். பேனாவை எடுத்துவிட்டால் மட்டும் கல். மேலாளரின் சம்பந்தி ஏறியிருந்த விமானத்தையே மூடுபனிக்காக மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தவர்.

அவருக்கு இருந்த ஒரே தொல்லை மாமியார். இரண்டு வாரம் என்று வந்தவர் ஏழு மாதம் இருந்தார். சமையலறை டப்பாக்களை அவர் இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கியதில், உப்பு எடுக்க அக்கா ஸ்டூல் மேல் ஏற வேண்டியதாயிற்று. மருமகள் மடித்த துணிகளைப் பிரித்து மறுபடி மடிப்பார். ஒருவழியாக ஊருக்குப் போகப் பதினொரு மணி விமானத்தில் டிக்கெட் போட்டாயிற்று. அன்று காலை அக்கா பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

எட்டரைக்கு எரிமலைச் செய்தி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை வெடித்து, சாம்பல் மேகம் நேராக அந்த விமானத்தின் வழிக்கு வந்துகொண்டிருந்தது. அக்கா மேகத்தைச் சுற்றித் தெற்கே வழி போட்டார். காற்றும் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது. வடக்கே போட்டார், எரிபொருள் போதவில்லை. இப்படி ஐந்து வழி. கொஞ்சம் பெட்டிகளை இறக்கினால் எரிபொருள் கூடுதலாக ஏற்றலாம், ஆனால் பெட்டி இங்கே நின்றால் அத்தையும் நிற்பாரே என்றார் பக்கத்து மேசைக்காரர். அக்கா சிரிக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார், அப்படியும் வடக்கு வழிக்கு எரிபொருள் போதவில்லை.

இளம் விமானி, வழக்கமான நேர்வழித் தாளில் தன் கையெழுத்தைப் போட்டே எடுத்து வந்தார்.

"வானம் பளிச்சுனு இருக்கே அக்கா. ரேடார்லயும் ஒண்ணும் இல்லை. நீங்களும் போட்டுடுங்க, உங்க அத்தையைப் பத்திரமா சேர்த்துடறேன்."

அக்கா பேனா மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். நான் ஒரே இடத்தை நாலாவது தடவை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாம்பல் ரேடார்ல தெரியாது தம்பி. கண்ணுக்குத் தெரியற சாம்பலுக்கு நான் எதுக்கு? இவ துடைப்பமே போதும்."

பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, விமானத்தை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

மாமியாருக்குச் சொல்லப் பயணிகள் கூடத்துக்கு இறங்கினார். குப்பைக் கூடையோடு நானும் போனேன். கூடையில் குப்பை ஒன்றுமில்லை. அதற்குள் செய்தி அங்கே போய்விட்டிருந்தது. மாமியார் பக்கத்து இருக்கைக்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் மருமகதான் நிறுத்தினா. நான் கிளம்பறது அவளுக்குத் தாங்கலை."

அக்காவுக்குப் பகீரென்றது. பாசம் என்று முடிவாகிவிட்டால் இந்த ஜென்மத்தில் மாமியார் கிளம்ப மாட்டார். அவசரமாக விளக்க ஆரம்பித்தார். இது அடுப்புச் சாம்பல் இல்லை, பொடியான கல். கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. எஞ்சின் சூட்டில் உருகி உள்ளேயே கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். விமானி பார்க்கும் முன்கண்ணாடி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிவிடும். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எத்தனை வருட அனுபவம், நன்றாகவே சொன்னார். மாமியார் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

மறுநாள் காலைச் செய்தியில் மேகம் வழியை விட்டு விலகியிருந்தது. அக்கா ஏழு மணிக்கே வந்து, வழி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த அம்மாள் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எஞ்சினுக்குள்ள கண்ணாடி ஆயிடும்னு நீதானேம்மா சொன்னே?"

"மேகம் போயிடுச்சு அத்தை."

"கண்ணுக்கே தெரியாதுன்னும் நீதான் சொன்னே. அந்த மலை நல்லா ஆறட்டும். ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, எனக்கு இங்க ஒரு சிரமமும் இல்லை."

பதினொரு மணி விமானம் நேரத்துக்குக் கிளம்பியது, ஒரே ஓர் இருக்கை காலியாக.