காலடிப் பெட்டியில் மட்டும் கேட்ட குரல்

கடலூர்–சிதம்பரம் பேருந்தில் தங்கராசு கண்டக்டராக வருகிறார் என்றால் ஆலப்பாக்கம் வளைவிலேயே தெரிந்துவிடும். வண்டி வருமுன் குரல் வரும். "புதுச்சத்திரம், முட்லூர், சிதம்பரம். படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ." விசில் ஒன்று கையில் இருக்கும். ஊதுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பார். தொண்டை இருக்கும்போது விசில் எதற்கு என்பது அவர் கட்சி. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் பாடகர் குழுவுக்குத் தலைவர். மைக் முன்னால் நின்று அவர் கை காட்டிய பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கலாம்.

அவருடைய சங்கீத சாஸ்திரம் ரொம்ப எளிது. உச்சத்தில் பாடினால் பக்தி, தாழ்த்திப் பாடினால் சோம்பல். கீபோர்டு வாசிப்பவர் சுருதி கொடுத்ததும், "இன்னும் ஒரு கட்டை ஏத்து" என்பார். தொண்டை கட்டினால் மிளகுப் பால், வாயில் ஒரு துண்டு சித்தரத்தை, அப்புறம் ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி செருமல். செருமச் செருமத் தொண்டை புண்ணாகும் என்று யாரோ ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். "எத்தன வருஷமா பாடறவன், எனக்கேவா" என்று ஒரே போடாகப் போட்டார்.

எழிலன் என்று ஒருவர் குழுவில் இருந்தார். ஒத்திகையில் ஒருநாள் சுருதி விலகிவிட்டது. "நீ பாடாத எழிலா, வாய மட்டும் அசை. அதுவே சபைக்குப் பெரிய உபகாரம்" என்றார் தங்கராசு, அத்தனை பேர் முன்னாலும். எல்லோரும் சிரித்தார்கள். எழிலனும்கூட. ஆனால் மறுவாரத்திலிருந்து குழுவை விட்டுச் சபையோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இதைப் பார்த்த பிறகு தங்கராசுவின் குரலைப் பற்றி அவரிடமே பேச எவருக்கு மனம் வரும்? பூனைக்கு மணி கட்ட ஆள் இல்லை.

இந்த மாசி மாதம் குரல் அடியோடு கம்மிவிட்டது. டிக்கெட் கேட்டால் வெறும் காற்றுதான் வந்தது. சிதம்பரத்தில் தொண்டை டாக்டரிடம் போனார். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, திரையைக் காட்டினார்.

"மம்பட்டி புடிக்கிறவங்களுக்குக் கையில காய்க்கும்ல, அது மாதிரி உங்க குரல் நாண்ல காய்ச்சிருக்கு. ஒரு நாள்ல வந்ததில்ல இது. பாடும்போதே கொரல் ஒடைஞ்சிருக்குமே, யாரும் சொல்லலியா?"

"யாரும் சொல்லலிங்க" என்றார் தங்கராசு. சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மூணு வாரம் வாயே தெறக்கக் கூடாது. குசுகுசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல். செருமவே செருமாதீங்க. அப்புறம் பயிற்சி சொல்லித் தர்றேன்" என்றார் டாக்டர்.

அந்த ஞாயிறு தங்கராசு முதல் முறையாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். தான் இல்லாமல் பாட்டு படுத்துவிடும், சபை தவித்துப்போகும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. ஒளிப்பானேன், இருந்தது. பாட்டு படுக்கவில்லை. சபையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவரைக் குத்தியது.

ஆராதனை முடிந்ததும் கயல்விழி டீச்சர் வந்தார். போன வருஷம் திட்டக்குடியிலிருந்து மாற்றலாகி வந்தவர். சூதுவாது தெரியாத மனுஷி.

"தொண்டை எப்பிடிண்ணா இருக்கு? நீங்க பாடுவீங்கன்னு இப்பத்தான் சொல்றாங்க. நான் வந்து ஒரு வருஷம் ஆவப்போவுது, உங்க கொரலக் கேட்டதேயில்லியே. கை காட்டி நடத்துறவருன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

தங்கராசு நேரே மைக் செட் மேசைக்குப் போனார். எலக்ட்ரீஷியன் அருண்பாண்டியன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மேசையில் ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுகட்டை, அதன் கீழே பெயர் எழுதிய பிளாஸ்திரி. மற்ற கட்டைகள் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்தன. 'அண்ணன்' என்று எழுதியிருந்தது மட்டும் அடிமட்டத்தில், தூசி படிந்து கிடந்தது. தங்கராசு அதைத் தொட்டுக் காட்டினார்.

அருண்பாண்டியன் தலையைச் சொறிந்தார். "உங்க காலடியில இருக்குற சின்ன ஸ்பீக்கர் பெட்டிக்கு மட்டும் விட்டிருக்கேண்ணா. வெளிய பெரிய பெட்டிக்கு வராது, மத்தவங்க சத்தத்துல அமுங்கிடும். என்னை ஒண்ணும் கேக்காதீங்க. வீட்ல அக்காவக் கேளுங்க."

பாடுபவர் தன் பாட்டைத் தான் கேட்க வைத்த பெட்டி அது. ஏறக்குறைய ஒரு வருஷமாக அதில் தன் குரலைத் தானே கேட்டு, தானே உச்சி குளிர்ந்திருக்கிறார். சபைக்கு அவர் வாய் அசைத்தது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. எழிலனுக்காவது முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இருந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சுவரோரமாக நடந்து வெளியே போனார்.

வீட்டில் மனைவி புஷ்பவள்ளி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று.

"எம் மைக்க அமுத்தச் சொன்னது நீயா?" குரல் பாதிதான் வந்தது.

"ஆமா" என்றாள். மறைக்கவில்லை. "போன ஈஸ்டருக்குத் தனியா பாடுனீங்களே. மேல போனதும் கொரலு ரெண்டா பொளந்துச்சு. பின்னால பசங்க போன்ல புடிச்சிக்கிட்டே சிரிச்சானுங்க. எங்க பக்கம் பொம்பளைங்க முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டாங்க."

தங்கராசுவுக்கு அந்த முந்தானைகள் நினைவிருந்தன. அன்று மேடையிலிருந்து அவர் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "பாத்தியா, சபையே அழுதுடுச்சு" என்று இவளிடமே பீற்றிக்கொண்டார். அதை நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனக்கும் சிரிப்பு வந்துருச்சிங்க" என்றாள் புஷ்பவள்ளி. கை புளித் தண்ணீரிலேயே நின்றுவிட்டது. "அடக்கிப் பாத்தேன், முடியல. அவுங்களோட சேந்து நானும் சிரிச்சிட்டேன். அன்னைக்கு உங்களுக்குச் சோறு போடவே எனக்கு வெக்கமாப் போச்சு. இன்னொரு தரம் அப்பிடிச் சிரிச்சிருவனோன்னு பயந்துதான் அருண்கிட்ட சொன்னேன்."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "அவ்ளோ மோசமாவா இருந்துச்சு?" என்றார்.

புஷ்பவள்ளி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பேசாதீங்க. டாக்டரு பேசக் கூடாதுன்னிருக்காரு."