யாரும் அமுக்காத பொத்தான்

இலங்கை மலையகத்தில், கொட்டகலை கடைவீதியில், ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் வகுப்பு இருந்தது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. டைப்பிங் சொல்லிக்கொடுத்த எனக்கு ஊரில் டீச்சர் என்று பெயர். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வெளிநாட்டில் இருந்த உளவியல் ஆய்வாளர் ஒருவர், தேயிலைத் தோட்டத்துப் பெண்களைக் கொண்டு இணையத்தில் ஒரு பரிசோதனை நடத்த வேண்டும், உங்கள் இடம் கிடைக்குமா என்று மின்னஞ்சல் அனுப்பியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடவே ஒரு பட்டியலும் வந்தது. உலாவி எந்தப் பதிப்பாக இருக்க வேண்டும், திரை எவ்வளவு அகலம், வேறு எதுவும் திறந்திருக்கக் கூடாது. திரையில் ஒரு படம் வரும். பிடித்தால் ஒரு விசை, பிடிக்காவிட்டால் இன்னொன்று. எவ்வளவு சீக்கிரம் அழுத்துகிறார்கள் என்பதை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளப்பார்களாம். அதனால் படங்கள் எல்லாம் முன்கூட்டியே கணினியில் இறங்கியிருக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ தொலைபேசி வழி இணைப்பு. படங்கள் இறங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. மழை பெய்தால் அதுவும் கிடையாது.

பங்கெடுப்பவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு ஒரு சிவப்புப் பொத்தான் திரையின் மூலையில் எப்போதும் தெரிய வேண்டும் என்றும் பட்டியலில் இருந்தது. நானே அதை அமுக்கிப் பார்த்தேன். பக்கம் மூடிக்கொண்டது. மறுபடி முக்கால் மணி நேரம்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினோரு பேர் பஸ் ஏறி வந்ததும், நான் முதலில் சொன்னது இதைத்தான்: “மத்ததெல்லாம் பயப்படாம அமுக்குங்க. இந்தச் செவப்ப மட்டும் தொட்டுறாதீங்க.” சொன்னதைச் செய்தே பழகியவர்கள். நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்; அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குரலில் சொன்னேன்.

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஏழாவதாக வந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பூ, பாம்பு, மலை என்று வந்த படங்களுக்கு வேகமாகவே அமுக்கினார். பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்மூடிக் கிடக்கும் ஒரு சிறுமியின் படம் வந்தது. அவர் விரல் நின்றது. சற்றுக் கழித்து, பிடிக்கவில்லை என்பதை அமுக்கினார். ஒவ்வொரு படமும் ஆறு தடவை மாறி மாறி வரும்படி அமைத்திருந்தார்கள். மூன்றாவது தடவையே அவர் முகம் நனைந்துவிட்டது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுகையால் அமுக்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நிறுத்தினால் படங்கள் மறுபடி இறங்க வேண்டுமே, இன்னும் நாலு பேர் இருக்கிறார்களே, பஸ் போய்விடுமே என்றுதான் என் புத்தி ஓடியது. இன்றும் நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆறு தடவையும் அந்தச் சிறுமியைப் பார்த்து, ஆறு தடவையும் அமுக்கி முடித்தார்.

அவர் எழுந்தபோது, முடியாவிட்டால் நிறுத்தியிருக்கலாமே அக்கா என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

“நீங்கதானே டீச்சர் அதத் தொடக் கூடாதுன்னீங்க,” என்றார். குரலில் கோபமே இல்லை. “சரியா செஞ்சேனாங்க?”

சரியாகச் செய்தீர்கள் என்றேன். அவருடைய மகள் போன வருஷம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதை, கூட வந்த பெண் ஒருத்தி படியிறங்கும்போது என்னிடம் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் ஆய்வாளரின் மின்னஞ்சல் வந்தது. மற்ற இடங்களில் பலர் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். எங்கள் இடத்தில் மட்டும் ஒருவர்கூட நிறுத்தவில்லையாம். படங்கள் தோட்டத்துப் பெண்களை அவ்வளவாகப் பாதிக்கவில்லை என்று தெரிகிறது, அப்படியே அறிக்கையில் எழுதப்போகிறேன் என்றிருந்தது. என் ஒழுங்குக்குப் பாராட்டும் இருந்தது. அடுத்த பரிசோதனையையும் உங்களிடமே நடத்தலாம் என்று முடித்திருந்தார்.

நடந்ததை எழுதத் தொடங்கினேன். இரண்டு வரி எழுதினேன். அவருடைய கடைசி வரியை இன்னொரு முறை படித்தேன். பிறகு என் இரண்டு வரிகளையும் அழித்துவிட்டு, மிக்க நன்றி என்று மட்டும் அனுப்பினேன்.